ராணுவ ரேஷன் பெட்டியா, கடை பாக்கெட்டா: புயலுக்கு எது, மலைக்கு எது?

புதுச்சேரி ரெயின்போ நகரிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கும் கேள்வி இது. வீட்டில் அவர், மனைவி, சர்க்கரை நோய் உள்ள அம்மா, எட்டு வயதுப் பையன் என்று நான்கு பேர். 2024 ஃபெஞ்சல் புயலின்போது தெருவில் முழங்காலுக்கு மேல் தண்ணீர் நின்று, இரண்டு நாள் வெளியே போக முடியாமல் பிஸ்கெட்டை வைத்து ஓட்டியிருக்கிறார்கள். இனி அப்படி மாட்டிக்கொள்ளக் கூடாது என்று இணையத்தில் தேடியிருக்கிறார். அமெரிக்க ராணுவ ரேஷன், 12 பாக்கெட் கொண்ட பெட்டி, விலை 11,000 ரூபாய், 30 வருடம் கெடாது என்று ஒரு விளம்பரம் கண்ணில் பட்டிருக்கிறது. அதை வாங்கலாமா, கடையில் கிடைக்கும் ரெடி டு ஈட் பாக்கெட்டே போதுமா, நண்பர்களோடு கொல்லிமலை, ஜவ்வாதுமலை என்று கூடாரம் போட்டுத் தங்கப் போகும்போதும் அதையே எடுத்துப் போகலாமா என்பது அவருடைய கேள்வி.

வாங்க வேண்டாம் தம்பி. புயலுக்குக் கடை பாக்கெட்டோடு நம் வீட்டுப் பண்டங்கள் போதும். மலைக்கு இரண்டுமே சரிவராது, அங்கே வேறு வழி. ஏன் என்று விரிவாகச் சொல்கிறேன்.

நான் 18 வருடம் மீன் பதப்படுத்தும் தொழிற்சாலைகளில் ரிட்டார்ட் பிரிவில், அதாவது மூடிய பையை அழுத்தத்தில் அதிகச் சூட்டில் வேகவைக்கும் பிரிவில், வேலை பார்த்தவன். சூரை மீனைப் பையில் அடைத்து, மூடி, வேகவைத்து, ஒட்டு சரியாக இருக்கிறதா என்று பார்த்து அனுப்புவது என் வேலை. வீடு கடலூர் முதுநகரில். தானே புயல், 2015 வெள்ளம், ஃபெஞ்சல் மூன்றையும் குடும்பத்தோடு இங்கேதான் கடந்தேன். அதனால் பாக்கெட்டுக்கு உள்ளே என்ன நடக்கிறது என்பதும் தெரியும், வெளியே தண்ணீர் சூழ்ந்து நிற்கும்போது அது எவ்வளவு உதவும் என்பதும் தெரியும்.

முதலில் அந்தப் பெட்டி. எம்.ஆர்.இ. என்று சொல்வார்கள். அமெரிக்க ராணுவத்தில் 1981 முதல் வழக்கத்தில் இருக்கும் ஒருவேளைச் சாப்பாட்டுப் பொதி. தடித்த பழுப்பு நிற உறைக்குள் ஒரு முக்கிய உணவு, பிஸ்கெட்டோ ரொட்டியோ, அதில் தடவிக்கொள்ள வேர்க்கடலை வெண்ணெயோ சீஸோ, ஓர் இனிப்பு, காபித்தூள், ஸ்பூன், சூடாக்கும் பை எல்லாம் இருக்கும். ஒரு பாக்கெட்டில் சுமார் 1,250 கலோரி. நாள் முழுக்க முதுகில் முப்பது கிலோ சுமந்து நடக்கும் இருபது வயது வீரனுக்கான கணக்கு அது. உப்பு தாராளம், இனிப்பு தாராளம், நார்ச்சத்து குறைவு. உங்கள் அம்மாவுக்கு அதில் பாதிப் பொருளைக் கொடுக்க முடியாது. மாட்டிறைச்சியும் பன்றி இறைச்சியும் உள்ள வகைகளும் உண்டு. சைவ வகைகள் சிலவே, பெட்டியில் எது வரும் என்பதும் உங்கள் கையில் இல்லை.

30 வருடம் என்பது சுத்தப் பொய். எம்.ஆர்.இ. 27 டிகிரி வெப்பத்தில் வைத்தால் 3 வருடம் தாங்கும்படி செய்யப்படுவது. 38 டிகிரியில் வைத்தால் மாதக் கணக்குதான். நம் ஊர் மே மாதத்தில், மொட்டை மாடிக்கு நேர் கீழே உள்ள பரணில் என்ன வெப்பம் இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். 25, 30 வருடம் என்று சொல்லப்படுவது வேறு பொருள். உணவை உறையவைத்து, அந்தப் பனிக்கட்டியை உருகவிடாமல் வெற்றிடத்தில் ஆவியாக்கி, காய்ந்ததை ஆக்சிஜன் இல்லாத பெரிய தகர டின்னில் அடைப்பார்கள். அதுவும் குளிர்ந்த இடத்தில் இருந்தால்தான் அந்த ஆயுள். விற்பவர் அதையும் இதையும் போட்டுக் குழப்பியிருக்கிறார்.

அந்தப் பெட்டி அசல்தானா, எப்போது செய்தது என்று பார்க்க ஒரு வழி இருக்கிறது. அட்டைப் பெட்டியில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். முதல் இலக்கம் ஆண்டின் கடைசி எண், மற்ற மூன்றும் அந்த ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது. 3215 என்றால் 2023ஆம் ஆண்டின் 215ஆவது நாள், அதாவது ஆகஸ்ட் 3. ஆனால் அது 2013 ஆகவும் இருக்கலாம், எண்ணில் வித்தியாசம் தெரியாது. பெட்டியின் மேல் வட்டமாக ஒரு சிறிய முத்திரையும் ஒட்டியிருக்கும். காலமும் வெப்பமும் சேரச் சேர அதன் உள்வட்டம் கருத்துக்கொண்டே போகும். வெளிவட்டத்தைவிட உள்வட்டம் கருத்துவிட்டது என்றால் அந்தப் பெட்டி ரொம்பப் பழசு, அல்லது வெயிலில் ரொம்ப நாள் கிடந்திருக்கிறது என்று அர்த்தம். இன்னொன்றும் அச்சிட்டிருக்கும்: இது அமெரிக்க அரசின் சொத்து, வணிகத்துக்காக மறுவிற்பனை செய்வது சட்டவிரோதம் என்று. எந்தக் கிடங்கிலிருந்து, எத்தனை கை மாறி, எந்த வெயிலில் காய்ந்து வந்தது என்று தெரியாத சாப்பாட்டை வெள்ள நேரத்தில், டாக்டரிடம் போக வழியில்லாத நேரத்தில், வீட்டில் பரிமாறக் கூடாது. நானே ஆர்வத்தில் ஒருமுறை இணையத்தில் இரண்டு பாக்கெட் வாங்கினேன். ஒன்று நன்றாக இருந்தது. இன்னொன்றில் முக்கிய உணவுப் பை தலையணை மாதிரி உப்பியிருந்தது. திறக்காமல் குழி தோண்டிப் புதைத்தேன்.

சூடாக்கும் பையைப் பற்றி அவசியம் சொல்ல வேண்டும். அதற்குள் இருப்பது மெக்னீசியத் தூள், கொஞ்சம் இரும்புத் தூள், உப்பு. சிறிது தண்ணீர் ஊற்றினால் கொதித்து, பத்துப் பன்னிரண்டு நிமிடத்தில் சாப்பாட்டைச் சூடாக்கிவிடும். அப்போது ஹைட்ரஜன் வாயு வெளியே வரும். வெட்டவெளியில் உட்கார்ந்திருக்கும் சிப்பாய்க்கு அதனால் ஒன்றுமில்லை. புயல் இரவில் நாம் எப்படி இருப்போம்? ஜன்னல், கதவு எல்லாம் சாத்தி, அறை நடுவில் மெழுகுவர்த்தி ஏற்றி, சுற்றி உட்கார்ந்திருப்போம். அந்த அறையில் இதைப் பிரிக்கவே கூடாது. இப்போது தானாகச் சூடாகும் சாப்பாடு என்று கடைகளில் வருபவை சிலவற்றில் மெக்னீசியத்துக்குப் பதில் சுட்ட சுண்ணாம்பு இருக்கும். கிளிஞ்சல் சுண்ணாம்பில் தண்ணீர் ஊற்றி நீற்றும்போது புகைந்து கொதிப்பதைப் பழைய வீடு கட்டியவர்கள் பார்த்திருப்பார்கள், அதே வேலைதான். சுண்ணாம்பு மட்டும் இருந்தால் ஹைட்ரஜன் வராது, ஆனால் நீராவி கையைச் சுடும். பையனைப் பக்கத்தில் விடாதீர்கள்.

ராணுவ உணவு என்றாலே மட்டம் என்று சொல்ல வரவில்லை. நான் பார்த்ததிலேயே நல்ல ரேஷன் பெட்டி, புதுச்சேரியில் எங்கள் சித்தப்பா வீட்டுக்கு எதிர்வீட்டில் இருந்த சொல்தா ஒருவர் பிரான்சிலிருந்து கொண்டுவந்தது. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர்களைப் புதுச்சேரியில் சொல்தா என்றுதான் சொல்வோம். ஷூ பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய அட்டைப் பெட்டி, ஓர் ஆளுக்கு 24 மணி நேரத்துக்கு, சுமார் 3,200 கலோரி. மொட்டை மாடியில் அவர் அதைப் பிரித்து ஒவ்வொன்றாகச் சுவரில் அடுக்கினார். வளையத்தை இழுத்துத் திறக்கும் டின்கள், கெட்டி பிஸ்கெட், சாக்லேட், காபி, தண்ணீரைச் சுத்தப்படுத்தும் மாத்திரை. கடைசியாக, தட்டையாக மடித்த ஒரு தகரத் துண்டு. அதை மூன்று இடத்தில் மடக்கி நிறுத்தினார், கைக்குள் அடங்கும் அடுப்பாகிவிட்டது. நடுவில் ஒரு வெள்ளை வில்லையை வைத்துப் பற்றவைத்தார். டின்னில் இருந்த சாப்பாடு சில நிமிடத்தில் தளதளவென்று கொதித்தது. எனக்கு அன்றைக்குச் சாப்பாட்டைவிட அந்தத் தகர அடுப்புதான் பெரிதாகத் தெரிந்தது. வீரனுக்குத் தண்ணீர் எங்கிருந்து வரும், தீ எங்கிருந்து வரும் என்பதை யோசித்துவிட்டு அப்புறம்தான் சாப்பாட்டை யோசித்திருக்கிறார்கள்.

நீங்களும் அந்த இரண்டைத்தான் முதலில் கேட்டுக்கொள்ள வேண்டும். நல்ல தண்ணீர் இருக்குமா? அடுப்பு எரியுமா? இந்த இரண்டுக்கும் பதில் கிடைத்துவிட்டால் எதை வாங்குவது என்பது தானாக விளங்கிவிடும்.

2011 டிசம்பர் 30 விடியற்காலை தானே புயல் அடித்தது. எங்கள் தெருவுக்கு மின்சாரம் திரும்ப 17 நாள் ஆனது. சமையல் எரிவாயு இருந்தது, அரிசி இருந்தது, பருப்பு இருந்தது. மோட்டார் ஓடவில்லை. மேல்தொட்டி முதல் நாள் சாயங்காலமே காலி. அரிசி களைய ஒரு தண்ணீர், வேகவைக்க ஒரு தண்ணீர், பாத்திரம் கழுவ ஒரு தண்ணீர் என்று ஒவ்வொரு சொம்பையும் எண்ணிச் செலவழித்தோம். மிக்சி ஓடாததால் சட்னி இல்லை. கிரைண்டர் இல்லாமல் இட்லி மாவு இல்லை. பக்கத்து வீட்டுப் பாட்டியின் கொல்லையில் கிடந்த அம்மியைக் கழுவி நான்கு வீட்டார் முறை வைத்து அரைத்தோம். அரிசி மூட்டை இருந்தும் இரண்டாம் நாள் இரவு சமைக்கவில்லை. அன்றைக்குத் தொழிற்சாலையிலிருந்து மாதிரிக்குக் கொண்டுவந்து வைத்திருந்த ஆறு சூரை மீன் பைகளையும் வெட்டி, அவலோடு பிசைந்து சாப்பிட்டோம். ஒரு சொட்டுத் தண்ணீர் செலவில்லை, கழுவப் பாத்திரமும் இல்லை.

இதனால்தான் வீட்டில் மாட்டிக்கொள்ளும் ஆபத்துக்கு ரிட்டார்ட் பாக்கெட் சரியான பொருள் என்கிறேன். கடையில் 300 கிராம் பையில் ராஜ்மா, சாம்பார் சாதம், புலாவ், கொண்டைக்கடலை மசாலா என்று கிடைப்பது அதுதான். எல்லாம் முழுதாக வெந்தது. தண்ணீர் ஏற்கெனவே உள்ளே இருக்கிறது. சூடு செய்யாமலே சாப்பிடலாம். சுவை கொஞ்சம் மந்தமாக இருக்கும், அவ்வளவுதான்.

அது எப்படிக் கெடாமல் இருக்கிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பலரும் ஏதோ மருந்து கலப்பதாக நினைக்கிறார்கள். கட்டிக்கொடுத்த சோறும் சொல்லிக்கொடுத்த சொல்லும் எத்தனை நாளைக்கு என்று நம் பெரியவர்கள் கேட்டார்கள். பிரெஞ்சு அரசாங்கமும் தன் படைக்காக அதையே கேட்டது. கண்ணாடிப் புட்டியில் உணவை அடைத்து, மூடி, கொதிநீரில் வேகவைத்தால் மாதக்கணக்கில் கெடுவதில்லை என்று காட்டிய நிக்கோலா அப்பேர் என்ற சமையல்காரருக்கு 1810இல் 12,000 பிராங்க் பரிசு கொடுத்தார்கள். புட்டிக்குப் பிறகு தகர டின் வந்தது. டின்னுக்குப் பிறகு, அமெரிக்க ராணுவத்தின் நேட்டிக் ஆய்வுக்கூடம் சில நிறுவனங்களோடு சேர்ந்து இந்தப் பையைக் கொண்டுவந்தது. வெளியே பாலியெஸ்டர், நடுவில் அலுமினியத் தாள், உள்ளே பாலிபுரோப்பிலின். உணவை நிரப்பி, காற்றை வெளியேற்றி, ஒட்டி, பெரிய பிரஷர் குக்கர் மாதிரியான இயந்திரத்துக்குள் அடுக்குவோம். பையின் நடு மையத்துக்கு 121 டிகிரி வெப்பம் குறைந்தது 3 நிமிடம் கிடைத்ததற்குச் சமமான சூடு சேர வேண்டும். காற்றில்லாத இடத்தில் வளர்ந்து நஞ்சு உண்டாக்கும் பொட்டுலினம் கிருமியின் விதைகள் வெறும் கொதிநீருக்குச் சாகாது, இந்தச் சூட்டுக்குத்தான் சாகும். உள்ளே கிருமி இல்லை, வெளியிலிருந்து வரவும் வழியில்லை. கெடாததற்கு அதுதான் காரணம்.

நம் நாட்டில் இந்த வேலையைச் செய்தது மைசூருவில் உள்ள பாதுகாப்பு உணவு ஆராய்ச்சிக்கூடம், டி.எஃப்.ஆர்.எல். 1961இல் தொடங்கப்பட்டது. 1984இல் ராகேஷ் சர்மா விண்வெளிக்குப் போனபோது அவருக்கு நம் உணவு அங்கிருந்துதான் போனது. ராணுவத்துக்கு என்று அவர்கள் உருவாக்கிய முறைகளைத் தனியார் நிறுவனங்களுக்கும் கொடுத்தார்கள். ஆக, மளிகைக் கடைத் தட்டில் இருக்கும் ரெடி டு ஈட் பாக்கெட்டும் ராணுவ ரேஷன் வழிவந்ததுதான். அதே பை, அதே சூடு, உள்ளே நம் ஊர்ச் சாப்பாடு. அதற்காக வெளிநாட்டுப் பெட்டிக்கு 11,000 கொடுக்க வேண்டியதில்லை.

இங்கே ஓர் எச்சரிக்கை. வீட்டில் காற்றை உறிஞ்சி அடைக்கும் வேக்யூம் பேக்கிங் இயந்திரம் வாங்கி, சாம்பாரையும் மீன் குழம்பையும் அடைத்து வெளியே வைக்கிறார்கள். சில கடைகளிலும் ஊருக்குப் போகிறவர்களுக்கு அடைத்துக் கொடுக்கிறார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். காற்றை எடுத்துவிட்டு அந்த 121 டிகிரி சூட்டைக் கொடுக்காமல் விட்டால், பொட்டுலினத்துக்கு நாமே பாய் விரித்துக் கொடுத்த மாதிரி. மணம், நிறம் மாறாமலே விஷமாகியிருக்கலாம். அப்படி அடைத்த ஈர உணவு ஃப்ரிட்ஜில்தான் இருக்க வேண்டும், புயலில் ஃப்ரிட்ஜ் ஓடாது.

கடையில் பாக்கெட் எடுக்கும்போது நான் பார்ப்பது ஓரத்தில் உள்ள ஒட்டு. விரலால் தடவினால் மழமழவென்று ஒரே சீராக இருக்க வேண்டும். ஒட்டுக்குள் ஒரு பருப்போ, மசாலா இழையோ மாட்டியிருந்தால், மடிப்பு விழுந்திருந்தால், திரும்ப வைத்துவிடுங்கள். உப்பியிருந்தால் தொடவே வேண்டாம். 14 இலக்க எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. உணவு உரிம எண்ணும், தேதியும் இருக்கிறதா என்று பாருங்கள். ராஜ்மா, கொண்டைக்கடலை போன்றவை அம்மாவுக்கும் ஒத்துவரும். ரத்த அழுத்தமும் இருந்தால் உப்பின் அளவைப் படித்துப் பார்த்து வாங்குங்கள்.

ரிட்டார்ட் பாக்கெட்டை மட்டும் நம்பினால் வயிறு நிறையாது. ஒரு பையில் 350 கலோரி தேறினால் அதிகம். உங்கள் வீட்டுக்கு நான் போடும் கணக்கு இது. ஆளுக்கு ஒரு நாளைக்கு 2,000 கலோரி, நான்கு பேர், மூன்று நாள், மொத்தம் 24,000. பன்னிரண்டு பாக்கெட்டில் 4,200 வரும். இரண்டு கிலோ அவலில் 7,000. ஒரு கிலோ கடலைமிட்டாயில் 5,000. ஒரு கிலோ பொட்டுக்கடலையில் 3,700. அரைக் கிலோ பண்ருட்டி முந்திரியில் 2,800. அரைக் கிலோ வெல்லத்தில் 1,900. கூட்டினால் 24,600. மொத்த எடை ஒன்பது கிலோவுக்குள். அந்த அமெரிக்கப் பெட்டியின் 12 பாக்கெட்டில் வருவது 15,000தான், இரண்டு நாளைக்கே இழுத்துப்பிடிக்க வேண்டும்.

அம்மாவுக்கு வெல்லமும் கடலைமிட்டாயும் வேண்டாம், பொட்டுக்கடலையையும் முந்திரியையும் கூட்டிக்கொள்ளுங்கள். ஆனால் சர்க்கரை திடீரென்று இறங்கினால் கொடுக்க ஒரு துண்டு வெல்லம் அவர் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கட்டும். மாத்திரை அட்டைகள் பத்து நாளைக்குக் குறையாமல் அதே டப்பாவில் இருக்க வேண்டும்.

அவலை நான் விடாமல் சொல்வதற்குக் காரணம், அதற்குத் தீ வேண்டாம், குடிக்கும் தண்ணீர் கொஞ்சம் போதும். தேங்காய் உடைத்துத் துருவிப் போட்டால் குழந்தைகள் மறுக்காமல் சாப்பிடும். வடக்கே ரோந்து போகும் சிப்பாய்கள் சட்டைப் பையில் சக்கர்பாரா என்று ஒரு பண்டம் வைத்திருப்பார்கள், கோதுமை மாவில் இனிப்புப் போட்டுப் பொரித்த கெட்டித் துண்டு. நம் பாட்டிகள் செய்த பொரிவிளங்காய் உருண்டையும் அந்த வகைதான். வறுத்த அரிசி, பயறு, வெல்லப் பாகு, சுக்கு. பல்லுக்குச் சவால், ஆனால் ஈரம் படாமல் வைத்தால் வாரக்கணக்கில் கெடாது, இரண்டு உருண்டை ஒருவேளைக்குத் தாங்கும். செய்யத் தெரிந்தவர்கள் வீட்டில் இருந்தால் அவர்களிடம் கேட்டுச் செய்துவைத்துக்கொள்ளுங்கள்.

தண்ணீர் இல்லாமல் இதெல்லாம் வீண். ஆளுக்கு ஒரு நாளைக்குக் குடிக்கவும் சமைக்கவும் 4 லிட்டர் என்றால் மூன்று நாளைக்கு 48 லிட்டர். 20 லிட்டர் கேன் மூன்று, புயல் எச்சரிக்கை வந்த அன்றே வாங்கி வையுங்கள். மறுநாள் கிடைக்காது.

எங்கே வைப்பது என்பதில்தான் எங்கள் வீட்டில் பலமுறை தவறு செய்தோம். வெள்ளத்தை நினைத்துப் பரணில் வைத்தால் வெப்பத்தில் கெடுகிறது. வெப்பத்தை நினைத்துக் கீழே வைத்தால் வெள்ளம் வந்துவிடுகிறது. 2024 டிசம்பர் தொடக்கத்தில் சாத்தனூர் அணையிலிருந்து ஒன்றரை லட்சம் கன அடிக்கு மேல் திறந்துவிட்டார்கள். தென்பெண்ணை பெருகி, புயல் ஓய்ந்து இரண்டு நாள் கழித்துக் கடலூரில் பல தெருக்களுக்குள் தண்ணீர் வந்தது. மழை நின்றுவிட்டது என்று நினைத்தவர்கள்தான் அதிகம் மாட்டிக்கொண்டார்கள். இப்போது நாங்கள் மூடி இறுக்கமான 25 லிட்டர் பிளாஸ்டிக் டிரம்மில் எல்லாவற்றையும் போட்டு, நடு அறையில் வெயில் படாத மூலையில் வைக்கிறோம். எச்சரிக்கை வந்தால் தூக்கிக் கட்டில் மேலோ பீரோ மேலோ வைத்துவிடுவோம். ஓர் ஆள் தூக்கும் எடையாக இருக்க வேண்டும் என்பதுதான் கணக்கு.

வெள்ளத் தண்ணீர் பாக்கெட்டில் பட்டுவிட்டால் பிஸ்கெட், கடலைமிட்டாய், அவல், திருகு மூடி போட்ட ஜாடி எல்லாவற்றையும் தூக்கிப் போடுங்கள், சாக்கடை கலந்த தண்ணீர் அது. ஓட்டை, கிழிசல் இல்லாத ரிட்டார்ட் பையையும் தகர டின்னையும் மட்டும் காப்பாற்றலாம். சோப்புப் போட்டுக் கழுவி, பிளீச்சிங் கரைசலில் முக்கி எடுத்து, காயவைத்துப் பிறகு வெட்டுங்கள்.

இன்னொன்று, நீண்ட ஆயுளைத் தேடி அலைய வேண்டிய தேவையே நமக்கு இல்லை. தானே டிசம்பரில் வந்தது. நிவர், ஃபெஞ்சல் இரண்டும் நவம்பரில். 2015 வெள்ளம் நவம்பரிலும் டிசம்பர் தொடக்கத்திலும். நம் கரைக்குப் பெரும்பாலும் வடகிழக்குப் பருவமழையோடுதான் ஆபத்து வருகிறது. ஆயுத பூஜைக்கு மளிகை வாங்கும்போதே இவற்றையும் வாங்கி, பொங்கல் முடிந்ததும் சாப்பிட்டுத் தீர்த்துவிடுங்கள். ஒன்பது மாத ஆயுள் உள்ள பாக்கெட்டே தாராளம். சுனாமி மாதிரி மாதம் பார்க்காமல் வருவதற்குத் தனியாக வீட்டுக்குள் இருப்பு வைத்துப் பயனில்லை. 2004இல் தேவனாம்பட்டினத்தில் தண்ணீர் வந்தபோது யாருக்கும் பாக்கெட் எடுக்க நேரமில்லை, ஓடத்தான் நேரம் இருந்தது. கடற்கரையோரம் இருப்பவர்கள் ஒரு தோள்பையில் தண்ணீர், கடலைமிட்டாய், மருந்து, ஆதார் நகல் போட்டுக் கதவோரம் மாட்டி வைத்தால் போதும்.

சரி, மலை. அங்கே கணக்கு தலைகீழ். ஓடையோ ஊற்றோ வழியில் இருக்கும், சிறிய கேஸ் அடுப்பும் உங்கள் பையில் இருக்கும். எடைதான் எதிரி. 300 கிராம் ரிட்டார்ட் பையில் முக்கால்வாசி தண்ணீர். ஒரு நாளைக்கு 2,500 கலோரி வேண்டுமானால் ஏழு பை, இரண்டு கிலோவுக்கு மேல் சுமக்க வேண்டும். மலை மேல் தண்ணீர் இருக்கும்போது கீழிருந்து தண்ணீரைச் சுமந்து ஏறுவானேன்? அதே கலோரி உலர்ந்த பொருளில் முக்கால் கிலோவுக்குள் அடங்கும். ரவையை நெய்யில் வறுத்து, கடுகு, கறிவேப்பிலை, முந்திரி தாளித்து, உப்புச் சேர்த்து, ஆறியதும் சிறு பைகளில் ஓர் ஆளுக்கு இவ்வளவு என்று அடைத்துக்கொள்ளுங்கள். மேலே போய் வெந்நீரில் கொட்டிக் கிளறினால் ஐந்து நிமிடத்தில் உப்புமா. கடையில் கப்பில் வரும் உடனடி உப்புமா, அவல் உப்புமாவும் அதே மாதிரிதான், கப்பை வீட்டிலேயே கழற்றிவிட்டுப் பொடியை மட்டும் எடுத்துப் போனால் இடமும் மிச்சம். நடக்கும்போது வாயில் போட்டுக்கொள்ள வேர்க்கடலையும் பேரீச்சையும். முதல் நாள் மதியத்துக்கு மட்டும் புளியோதரை கட்டிக்கொள்ளுங்கள், அதற்கு ஈடாக எந்த நாட்டு ராணுவமும் ஒன்றும் கண்டுபிடிக்கவில்லை.

உறைய வைத்து உலர்த்திய சாப்பாடு மலைக்கு அருமையான பொருள், எடை மிகக் குறைவு, சுவையும் நன்றாக இருக்கும். விலைதான் கட்டுப்படியாகாது. நான்கு நாளுக்கு மேல் இமயமலைப் பக்கம் நடக்கப் போகிறீர்கள் என்றால் யோசியுங்கள், கொல்லிமலைக்கு வேண்டாம். ஓடைத் தண்ணீரைத் தளதளவென்று ஒரு நிமிடமாவது கொதிக்கவைக்காமல் குடிக்காதீர்கள். வனத்துறை அனுமதி இல்லாமல் காட்டில் தீ மூட்டாதீர்கள். எந்தப் பாக்கெட்டானாலும் அலுமினியத் தாள் ஒட்டிய உறை முழுதாக எரியாது, மக்காது, உப்பு மணத்துக்குக் குரங்கும் காட்டுப்பன்றியும் வந்து அதை மென்றுவிடும். ஒன்றுவிடாமல் கீழே கொண்டுவாருங்கள். கார் போகும் இடத்தில் கூடாரம் என்றால் இந்தக் கணக்கு எதுவும் வேண்டாம், வீட்டிலிருந்து பாத்திரத்தோடு கொண்டுபோங்கள்.

பெட்டிக்கு முன்பணம் கட்டிவிட்டேன், இன்னும் வந்து சேரவில்லை என்று கடைசி வரியில் எழுதியிருந்தீர்கள். ரத்து செய்ய முடிந்தால் இன்றைக்கே செய்யுங்கள். வந்துவிட்டால், பிரிக்கும் முன் அந்த நான்கு இலக்க எண்ணையும் வட்ட முத்திரையையும் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன். ஒருவேளை உள்ளே எல்லாம் நன்றாக இருந்தாலும் சூடாக்கும் பைகளைத் தனியாகப் பிரித்தெடுத்து, ஈரம் படாத டப்பாவில், அடுப்படிக்குத் தள்ளி, பையன் கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள்.